நோயாளி இருக்கும் ஊரே பள்ளிக்கூடம்

1968-இல் டாக்காவில் இருந்த காலரா ஆராய்ச்சிக்கூடத்தில் டேவிட் நளின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் பணியில் இருந்தார்கள். இருவருக்கும் முப்பது வயதுகூட நிறையவில்லை. காலராவில் நீர் வற்றிப்போன உடலுக்கு டிரிப்ஸ் ஏற்றுவது ஒன்றுதான் அன்று நம்பகமான சிகிச்சை. அதற்கு வேண்டிய பாட்டில்களும் ஊசிகளும் கைதேர்ந்த ஆட்களும் வங்கத்துக் கிராமங்களில் கிடையாது. சர்க்கரை சேர்ந்தால் குடல் உப்பையும் நீரையும் சேர்த்தே உறிஞ்சிக்கொள்ளும் என்பது ஆய்வகங்களில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதைக் கொண்டு மனிதரைப் பிழைக்கவைக்க எவ்வளவு கொடுக்க வேண்டும், எப்போது கொடுக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. நோயாளி இழக்கும் நீரை அளந்து, அதே அளவுக்குக் கரைசலைக் குடிக்கவைத்து அவர்கள் விடை கண்டார்கள். டிரிப்ஸின் தேவை ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது என்று அந்த ஆகஸ்டில் லான்செட் இதழில் எழுதினார்கள். கட்டுரையில் இஸ்லாம், மொல்லா என்ற உள்ளூர் மருத்துவர்களின் பெயர்களும் இருந்தன. இன்று மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் பின்னால் இந்த வேலை இருக்கிறது.

தொற்றுநோய் மருத்துவத்தில் இளம் மருத்துவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஃபெல்லோஷிப்கள் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் அறியேன். உதவித்தொகை கொடுத்து, சில வாரங்களிலிருந்து ஓரிரு ஆண்டுகள் வரை, அனுபவமுள்ள மருத்துவர்களின் மேற்பார்வையில் வேலை செய்யவைப்பதுதான் இந்தத் திட்டங்களின் பொதுவான வடிவம். அமெரிக்க அரசின் ஃபோகார்ட்டி மையம் தொடங்கப்பட்டதும் 1968-இல்தான். வெளிநாடுகளில் ஆராய்ச்சிப் பயிற்சிக்கு அது நிதி தருகிறது. பெருவின் லிமா நகரில் 1996 முதல் நடக்கும் கோர்காஸ் பயிற்சியில், பல நாட்டு மருத்துவர்கள் ஒன்பது வாரம் வார்டுகளில் நின்று வெப்பமண்டல நோய்களைக் கற்கிறார்கள். பாங்காக், ஹோ சி மின் நகரம், கென்யாவின் கிலிஃபி ஆகிய இடங்களில் பிரிட்டிஷ் நிதியும் உள்ளூர் மருத்துவமனைகளும் சேர்ந்து பல பத்தாண்டுகளாக ஆய்வு மையங்களை நடத்துகின்றன. இவற்றின் பயன், பயிற்சி நோயாளியின் கட்டிலருகே நடக்கிறதா, பயணம் இரண்டு திசையிலும் இருக்கிறதா என்ற இரண்டையும் பொறுத்தது என்பதே என் வாதம்.

முதலாவதற்குச் சான்று 2011-இல் வந்தது. கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றி வரும் குழந்தைக்கு நிறையத் திரவத்தை வேகமாக ஏற்ற வேண்டும் என்பது பணக்கார நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வழக்கம். கென்யா, உகாண்டா, தான்சானியாவில் 3,141 குழந்தைகளிடம் அந்த வழக்கத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். வேகமாகத் திரவம் பெற்றவர்களில் நூற்றுக்குப் பத்துக்கும் மேற்பட்டோர் 48 மணி நேரத்துக்குள் இறந்தார்கள். பெறாதவர்களில் நூற்றுக்கு ஏழு பேர். செயற்கை சுவாசக் கருவியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் இல்லாத மருத்துவமனையில், மலேரியாவும் ரத்தசோகையும் சேர்ந்து வரும் குழந்தைக்கு வேறு கணக்கு தேவைப்படுகிறது. அப்படிப்பட்ட வார்டில் ஓராண்டு வேலை செய்த மருத்துவர் பாடப்புத்தகத்தை அது எழுதப்பட்ட இடத்தோடு சேர்த்துப் படிக்கக் கற்கிறார்.

இரண்டாவதற்குச் சான்று திலீப் மகாலனாபிஸ். கல்கத்தாவில் மருத்துவம் படித்து, பிரிட்டனில் குழந்தை மருத்துவப் பயிற்சி பெற்று, ஊர் திரும்பி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கல்கத்தா ஆய்வு மையத்தில் சேர்ந்தவர் அவர். 1971-இல் வங்கதேசப் போரில் அகதிகள் எல்லை தாண்டி வந்தபோது, எல்லையோரப் பொங்காவ் ஊரின் அகதி முகாமில் காலரா வெடித்தது. டிரிப்ஸ் தீர்ந்துகொண்டிருந்தது. உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்து அவர் புகட்டச் செய்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. டாக்காவின் ஆய்வும், வெளிநாட்டில் பெற்ற பயிற்சியும், திரும்பி வந்தபோது அவருக்கு வேலை தந்த மையமும் ஓரிடத்தில் சந்தித்ததன் விளைவு அது. மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த முகாமின் கதை வேறாகியிருக்கும்.

இந்தத் திட்டங்கள் மீதான குறைகள் பொய்யானவை அல்ல. மொழி தெரியாமல் சில வாரம் வந்து போகும் மருத்துவர், ஏற்கெனவே வேலை குவிந்திருக்கும் உள்ளூர் மருத்துவரின் நேரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார். ஏழை நோயாளி அவருக்குப் பாடப்பொருள் ஆகிவிடுகிறார். இதற்கு மருந்து, கற்றுக்கொடுக்கும் மருத்துவமனைக்கு ஊதியமும் அதிகாரமும் கொடுப்பது. எதை ஆராய்வது என்பதை அது தீர்மானிக்க வேண்டும். வருகிற ஒவ்வொருவருக்கும் ஈடாக அங்கிருந்து ஒருவர் வெளியே போய்க் கற்க இடம் வேண்டும்.

போகிறவர்கள் திரும்புவதில்லை என்பது அடுத்த குறை. ஜே-1 விசாவில் அமெரிக்காவில் பயிற்சி பெறும் மருத்துவர் அது முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்று விதி உண்டு. மருத்துவர் தட்டுப்பாடுள்ள அமெரிக்க ஊரில் வேலைக்குச் சேர்ந்தால் அதே விதியிலிருந்து விலக்கும் உண்டு. ஆகவே விதி மட்டும் யாரையும் திருப்பிக் கொண்டுவராது. படிப்பின் நடுப்பகுதியை மட்டும் வெளிநாட்டில் வைத்து ஆய்வைச் சொந்த ஊரிலேயே முடிக்கவைப்பது, திரும்பியவருக்கு முதல் சில ஆண்டுகள் ஆய்வு நிதி தருவது ஆகிய இரண்டு வழிகளையும் ஃபோகார்ட்டி கையாண்டிருக்கிறது. திரும்பி வருபவருக்கு ஆய்வகமும் பதவியும் காத்திருக்க வேண்டும் என்பதை இவை ஒத்துக்கொள்கின்றன.

இணையத்தில் கற்றால் போதாதா, இவ்வளவு செலவு எதற்கு என்றும் கேட்கிறார்கள். 2014-இல் லைபீரியாவிலிருந்து டாலஸுக்கு வந்த ஒருவர் காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போனார். அவர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்பது பதிவேட்டில் ஏறியும், அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எபோலாவில் அவர் இறந்தார். கவனித்த இரண்டு செவிலியருக்கும் தொற்றியது. அந்தத் தகவலுக்குப் பொருள் கொடுத்திருக்க வேண்டியது, அப்படியொரு நோயைச் சந்தித்துப் பழகிய கண். அந்தப் பழக்கம் திரையைப் பார்த்து முழுதாக வராது.

இந்தியா இதில் கற்கும் இடத்தில் மட்டும் இல்லை. கடுமையான உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று 2023-இல் உலகுக்குச் சொன்னது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் இந்திய மருத்துவமனைகள் நடத்திய ஆய்வு. அந்தக் காய்ச்சலைக் கற்க விரும்பும் லண்டன் மருத்துவர் வேலூருக்கு வரட்டும். நம் இளம் மருத்துவர்கள் லிமாவுக்கும் கிலிஃபிக்கும் போகட்டும். அவர்களை அனுப்பும் நாளிலேயே, திரும்பி வந்து அமரப்போகும் இடத்துக்கும் அரசு பணம் ஒதுக்க வேண்டும். அந்த ஒதுக்கீடு இல்லாத ஃபெல்லோஷிப், நம் செலவில் இன்னொரு நாட்டுக்கு மருத்துவரைத் தயாரித்துக் கொடுப்பதாகவே முடியும்.