விருப்பமும் மருந்தும்

நெய்வேலியில் 1956-ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியபோது எதிர்நின்ற பெருந்தடை, நிலக்கரிப் படுகையின் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீர். அதனை இரவும் பகலும் இறைத்தாலன்றிச் சுரங்கம் இல்லை. நிறுத்தினால் நீர் மீண்டும் ஏறும். வாழ்நாள் முழுதும் உட்கொள்ளும் மருந்துகள் சில இத்தகையனவே. ஆயின், பெண்டிர்க்கு இல்லற இன்பத்தில் நாட்டம் குன்றினால் அதற்கும் இவ்வாறு மருந்தை இறைத்துக்கொண்டே இருத்தல் வேண்டுமா?

நேயர்களே! நாட்டம் குறைதல் ஒன்றே நோயாகாது. அக்குறை பல திங்கள் நீடித்து, அப்பெண்ணுக்கே துயர் தருமாயின்தான் மருத்துவர் அதனை நோயெனக் கொள்வர். கணவனின் மனக்குறை மட்டும் மனைவியை நோயாளியாக்கிவிடாது. இதனை அறியாமல் எத்தனையோ பெண்கள் பழி சுமந்து வாய் திறவாது வாழ்கின்றனர்.

முதலில் காரணத்தைத் தேடுதல் வேண்டும். தைராய்டுக் குறை, மகப்பேற்றுக்குப் பின்வரும் களைப்பு, கூடுகையில் வலி, மனச்சோர்வு, மனச்சோர்வுக்கென உண்ணும் மருந்துகள் சில ஆகிய யாவும் நாட்டத்தைக் குறைக்கும். கணவர் இரவு ஷிப்டு முடிந்து திரும்பும் வேளையில், வீட்டு வேலையும் பிள்ளைகளின் பள்ளியுமாக ஓடும் மனைவிக்கு உறக்கமும் உரையாடலும் அரிதாதல் நம் நகரியம் அறிந்ததே.

மருந்துகளும் உள்ளன. மனச்சோர்வுக்கென முதலில் ஆராயப்பட்ட பிளிபான்செரின் என்னும் மாத்திரையை, மாதவிடாய் நிற்காத பெண்களுக்கென 2015-இல் அமெரிக்க அரசு ஏற்றது. நாள்தோறும் படுக்கும்போது உண்ண வேண்டிய இதன் பயன் சிறிதே. வெற்று மாத்திரை உண்டவரைவிட மாதத்திற்கு ஏறத்தாழ ஒருமுறையோ அதனினும் குறைவாகவோதான் நிறைவான கூடல் மிகுந்தது. தலைச்சுற்றல், தூக்கம், இரத்த அழுத்தத் தாழ்வு ஆகியன நேரலாம். மதுவோடு சேர்ந்தால் தீங்கு மிகும். எட்டு வாரத்தில் பயனில்லையெனில் நிறுத்திவிடல் வேண்டும்.

மாதவிடாய் நின்றவர்க்குச் சிற்றளவு டெஸ்டோஸ்டிரோன் உதவலாம் என 2019-இல் பன்னாட்டு மருத்துவ அமைப்புகள் கூடி உரைத்தன. ஆறு திங்களில் பயனில்லையேல் அதனையும் விடுக; ஈராண்டுக்கு மேற்பட்ட பயன்பாட்டின் தீங்கின்மை நிறுவப்படவில்லை என்றும் அவை எச்சரித்தன.

ஆகவே, இஃது ஓயாது இறைக்கும் சுரங்க நீர் அன்று; சிலகாலம் ஆய்ந்து பார்த்து, வேண்டாதபோது நிறுத்தத்தக்கது. விளம்பரத்தை நம்பி மருந்து வாங்காதீர்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே மருத்துவரிடம் செல்லுங்கள். மருந்து வேண்டுமா என்னும் முடிவை மட்டும் அவளிடமே விடுங்கள். ஏனெனில், விருப்பம் அவளுடையது.