கொள்ளை நோய்க் காலத்தில் உள்ளாட்சியின் கடமை: புனே நகரின் அனுபவம்

பம்பாயில் 1896-ஆம் ஆண்டு தோன்றிய பிளேக் நோய் விரைவில் புனே நகரையும் பற்றிக்கொண்டது. 1897 பிப்ரவரியில் கொள்ளை நோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. சில பிரிவுகளே கொண்ட சிறிய சட்டம். ஆயினும் அது அரசுக்கு அளித்த அதிகாரம் பெரிது. புனேயில் நோய்த் தடுப்புப் பணி டபிள்யூ. சி. ராண்ட் தலைமையிலான குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. படைவீரர்கள் வீடு வீடாகப் புகுந்து நோயாளிகளைத் தேடினர். அவ்வாண்டு ஜூன் 22-ல் ராண்ட் சுடப்பட்டதை வரலாற்று மாணவர்கள் அறிவர். நிர்வாகம் பயில்வோர் கருதவேண்டியது வேறொன்று: அச்சம் மிகுந்தால் மக்கள் நோயாளியை மறைப்பர், மறைக்கப்பட்ட நோய் பரவும். அதே நகரின் புறத்தே, தம் மகன் யஷ்வந்த் நடத்திய மருத்துவ நிலையத்தில் பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த சாவித்திரிபாய் புலே, அந்நோய்க்கே 1897 மார்ச் 10-ல் பலியானார். அவரிடம் நோயாளிகளைக் கொண்டுவரப் படை தேவைப்படவில்லை.

மகாராஷ்டிரத்தின் முதல் கோவிட் நோயாளிகள் 2020 மார்ச் 9-ல் புனேயிலேயே கண்டறியப்பட்டனர். அதே பழைய சட்டம் மீண்டும் பயன்படுத்தப்பட்டது. அவ்வாண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நகரின் ஐந்து பகுதிகளில் நடந்த குருதி ஆய்வில், சோதிக்கப்பட்டோரில் 51.5 விழுக்காட்டினரிடம் தொற்றின் அடையாளம் காணப்பட்டது. கழிப்பறையைப் பிறருடன் பகிர்ந்துகொள்வோரிடம் இது ஏறத்தாழ 62 விழுக்காடு. தனிக் கழிப்பறை உடையோரிடம் 45. ஆக, "வீட்டிலேயே இருங்கள்" என்னும் அறிவுரை வீட்டின் அமைப்பைப் பொறுத்தே பயன் தரும். ஒரே அறையில் அறுவர் வாழும் குடும்பத்தில் நோயாளியைத் தனியே வைப்பது எங்ஙனம்? பொதுக் கழிப்பறையைத் தூய்மையாக வைத்தல், நோயுற்றோர் தங்கப் பொதுவிடம் அமைத்தல் ஆகியவற்றைத் தனியொருவர் தம் செலவில் செய்துகொள்ள இயலாது. ஒருவர் செய்தால் பலன் அனைவருக்கும்; செய்யத் தவறினால் கேடும் அனைவருக்கும். பொருளியலார் புறவிளைவு என்பது இதனையே.

அடுத்த இடர் வருவாய் இழப்பு. இங்கு உதவி பெறத் தகுதியுடையோர் யாவர் என்னும் வினா எழுகிறது. 2020 ஏப்ரல் முதல் வழங்கப்பட்ட ஆளுக்கு 5 கிலோ இலவசத் தானியம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் குடும்ப அட்டை உள்ளவர்க்கே கிடைத்தது. அட்டையற்ற புலம்பெயர் தொழிலாளர்க்குத் தனி ஏற்பாடு மே மாதத்திலேயே வந்தது. பட்டியலில் இல்லாதவருக்கு உதவி தாமதமாகவே வந்து சேரும்.

இவ்வகையில் புனேயின் குப்பை பொறுக்கும் தொழிலாளர் கதை குறிப்பிடத்தக்கது. இவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். இவர்தம் சங்கம் 1993-ல் தோன்றியது. அதன் அடையாள அட்டைக்கு மாநகராட்சி 1996-ல் ஒப்புதல் வழங்கியது. இவர்களது ஸ்வச் கூட்டுறவு அமைப்பு 2008-ல் வீடுதோறும் குப்பை சேகரிக்க ஒப்பந்தம் செய்துகொண்டது. ஊரடங்கின்போதும் இப்பணி நின்றுவிடவில்லை. யார், எந்தத் தெருவில் பணிபுரிகிறார் என்பது பதிவில் இருந்தது. அட்டை வறுமையை ஒழித்துவிடாது. எனினும் முகக்கவசமும் கையுறையும் யாருக்கு வேண்டும் என்று தேடி அலையும் நிலை இல்லை.

அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் பொதுச் சுகாதாரம், குடிசைப் பகுதி மேம்பாடு, நலிந்த பிரிவினர் நலன் ஆகியவற்றை நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பொருள்களாகப் பன்னிரண்டாம் அட்டவணையில் சேர்த்தது. 3 இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்களையும் விதித்தது. முதியோர், ஊனமுற்றோர், தெரு வியாபாரிகள், வாடகைக் குடிசைகளில் வாழ்வோர் ஆகியோரின் பட்டியலை நோயற்ற ஆண்டுகளிலேயே தயாரித்து, ஆண்டுதோறும் திருத்திவைக்க இக்குழுக்களே ஏற்றவை. இதற்கு வேண்டிய எழுத்தர் சிலரது ஊதியமே செலவு. சிக்கன நடவடிக்கையின்போது முதலில் கத்தரிக்கப்படுவதும் பெரும்பாலும் இத்தகைய செலவே.