முடியை இழந்தான் பாண்டியன். செப்பேட்டைக் காத்தது சின்னமனூர்!

தேவாரத்துக்காரர்களுக்குச் சின்னமனூர் புதிய ஊர் அல்ல. சித்திரைத் தேர் என்றால் பிள்ளை குட்டிகளோடு கிளம்பி விடுவார்கள். நெல் வயலும் வாழைத் தோட்டமும் சூழ்ந்த அந்த ஊரில் பழமையான கற்கோவில் ஒன்று இருக்கிறது. சுவாமியின் பெயர் பூலாநந்தீசுவரர். ஆனாலும் ஊரார் அம்மன் பெயரால், "சிவகாமி அம்மன் கோவில்" என்றே சொல்வார்கள். நம் வீடுகளிலும் அம்மா பெயர்தானே முதலில் வருகிறது!

கால் இடறிய இடம்

ராஜசிம்ம பாண்டியனுக்குத் தினமும் பால் கொண்டு போன ஆள், ஒரே இடத்தில் தினமும் கால் இடறி விழுந்தான். அங்கே ஒரு பூலா மரத்தின் வேர். "வெட்டுங்கள்" என்றான் மன்னன். வெட்டினார்கள். ரத்தம் பீறிட்டது! அங்கே சிவலிங்கம் தோன்றி வானளவு வளர்ந்தது. மன்னன் பயந்து போனான். "என் அளவுக்குக் குறைந்தருள வேண்டும்" என்று கெஞ்சினான். லிங்கம் அவன் உயரத்துக்கு இறங்கியது. அதை மார்போடு தழுவிக் கொண்டான். அவன் மார்பும் கங்கணமும் பட்ட தழும்பு லிங்கத்தில் இருப்பதாகப் பக்தர்கள் நம்புகிறார்கள்.

இது தல புராணம். ராஜசிம்மன் என்ற பெயரில் பாண்டியர் இரண்டு பேர் உண்டு. அவர்களில் இரண்டாமவன் கதையைச் செம்பு சொல்கிறது.

செம்பில் ஒரு பத்திரம்

நிலம் வாங்கினால் இன்று பத்திரம் எழுதுகிறோம். அந்தக் காலத்தில் அரசர் நிலம் கொடுத்தால் செப்புத் தகட்டில் வெட்டிக் கொடுப்பார்கள். அதுதான் செப்பேடு. அப்படிப்பட்ட ஏடுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சின்னமனூரில் கிடைத்தன. அவற்றில் பெரியது இரண்டாம் ராஜசிம்மன் தன் 16ஆம் ஆட்சி ஆண்டில் கொடுத்தது. ஏறக்குறைய 1,100 வருஷம் ஆகிறது. ஒரு பகுதி வடமொழி. மற்றது தமிழ், வட்டெழுத்தில்.

கம்பம் பள்ளத்தாக்குக்கு அப்போது அளநாடு என்று பெயர். அங்கே நற்செய்கைப்புத்தூர் என்ற ஊரை மந்தரகௌரவமங்கலம் என்று பெயர் மாற்றி ஓர் அந்தணருக்குக் கொடுத்தான் மன்னன். கொடுத்த சேதியோடு குலப் பெருமையும் வருகிறது. பாண்டியர்கள் மதுரையில் சங்கம் வைத்ததையும், மகாபாரதத்தைத் தமிழில் ஆக்கியதையும் இந்த ஏடு சொல்கிறது. நைப்பூரில் தஞ்சை மன்னனை ராஜசிம்மன் தோற்கடித்தான் என்றும் சொல்கிறது.

தோல்வியோ? அது இதில் இல்லை. சொந்தப் பத்திரத்தில் அதை யார் எழுதுவார்கள்! சோழர் கல்வெட்டும் இலங்கை வரலாறும்தான் மிச்சத்தைச் சொல்கின்றன.

ஓடிய மன்னன்

சோழன் முதலாம் பராந்தகன் படையெடுத்து வந்தான். இலங்கை மன்னன் உதவிக்குப் படை அனுப்பியும் பாண்டியன் தோற்றான். மதுரை போயிற்று. ராஜசிம்மன் கடல் கடந்து இலங்கைக்கு ஓடினான். அங்கும் நிலைக்க முடியவில்லை. குல முடியையும் அணிகளையும் அங்கேயே விட்டுவிட்டு, தாய் வானவன்மாதேவி பிறந்த சேர நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். கையில் ஒன்றும் இல்லாதவனுக்கு அம்மா வீடுதான் கதி.

முடி இல்லாமல் வெற்றி முழுமையாகுமா? பராந்தகன் இலங்கைக்குப் படை அனுப்பினான். முடி அகப்படவில்லை. சுமார் 70 வருஷம் கழித்து, 1017ஆம் ஆண்டு வாக்கில், அவன் வழிவந்த ராஜேந்திர சோழன்தான் அதைக் கைப்பற்றினான். தன் மெய்க்கீர்த்தியிலும் அதைப் பெருமையாகச் சொல்லிக் கொண்டான்.

அந்த முடி பிறகு காணாமல் போயிற்று. புத்தூர் நிலத்துக்குக் கொடுத்த பத்திரமோ, தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் அச்சாகி இருக்கிறது.