இரணைமடு எப்படி நிரம்புகிறது?

ஓகஸ்ட் விடுமுறை வகுப்பு என்றால் வன்னியில் பல வீடுகளிலும் அடுத்த தவணைப் பாடத்தை முன்கூட்டியே முடிப்பது என்றுதான் நினைக்கிறோம். அதற்கும் தேவை இருக்கிறது. ஆனால் ஒரே கேள்வியோடு நாள் முழுக்க இருப்பதற்குப் பள்ளிக்கூட நேரசூசி இடம் தராது, விடுமுறை தரும். கிளிநொச்சியின் ஒன்பதாம் தரப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு நாளை அமைத்துப் பார்ப்போம். கேள்வி இதுதான்: இரணைமடுக்குளம் எப்படி நிரம்புகிறது?

முதற் பாடம் புவியியல். "மழை பெய்தால் நிரம்பும்" என்பார்கள் பிள்ளைகள். பெரியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். அவர்கள் மனதில் இருப்பது கிளிநொச்சியில் பெய்யும் மழை. இங்கே நாம் கொஞ்சம் நிற்கவேண்டும். வீட்டுக் கூரைப் பீலிக்குக் கீழே வைத்த பரலை நினைப்போம். அதன் வாய்க்குள் நேரே விழும் மழை அடியில் நாலு விரற்கடைகூட நிற்காது. கூரை முழுவதும் பெய்த மழை பீலியால் ஓடி வந்துதான் பரல் நிரம்புகிறது. இரணைமடுவுக்குப் பீலி, கனகராயன் ஆறு. கூரை, வவுனியா வடக்கிலிருந்து முல்லைத்தீவு மாவட்டத்தின் ஊடாக விரிந்துவரும் ஏறத்தாழ 227 சதுர மைல் நிலம். இதற்கு நீரேந்துபரப்பு என்று பெயர். ஆகவே கிளிநொச்சி வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்போதும் குளம் உயரலாம். பிள்ளைகள் வரைபடத்தில் ஆற்றை விரலால் தெற்கே தொடர்ந்து போகட்டும். மாவட்ட எல்லைகளை ஆறு பொருட்படுத்தாததைத் தாங்களே காண்பார்கள்.

அடுத்தது கணிதம். 227 சதுர மைல் என்பது 145,280 ஏக்கர். ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஒரு ஏக்கர் அடி. இந்தப் பரப்பு முழுவதும் ஒரு அங்குல மழை பெய்தால் 12,000 ஏக்கர் அடிக்குச் சற்று மேல் வரும். குளத்தின் கொள்ளளவோ ஏறத்தாழ 120,000 ஏக்கர் அடி. அப்படியென்றால் பத்து அங்குல மழை போதுமே, பிறகு ஏன் ஒக்டோபரிலேயே நிரம்புவதில்லை? இந்தக் கேள்வி பிள்ளைகளிடமிருந்து வரும்வரை ஆசிரியர் வாய் திறக்கக்கூடாது.

பதில், சாப்பாட்டுக்குப் பிறகு விஞ்ஞான பாடத்தில். துளையிட்ட இரண்டு தகரப் பேணிகள். ஒன்றில் காய்ந்த மண், மற்றதில் ஊறிய மண். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீரை ஊற்றி, கீழே வடிவதை அளக்கிறோம். காய்ந்த மண் பெரும்பங்கைத் தானே வைத்துக்கொள்ளும். ஒக்டோபரின் முதல் மழையையும் இப்படித்தான் காட்டு நிலமும் மேலே உள்ள சிறுகுளங்களும் பிடித்துக்கொள்கின்றன. அவை நிறைந்த பின் பெய்யும் மழை தங்க இடமில்லாமல் ஆற்றுக்கு ஓடுகிறது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் மூடியதை வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அத்தகைய நாளில் நம் முற்றத்து வானத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. மேலே நீரேந்துபரப்பில் எவ்வளவு பெய்தது என்ற செய்திதான் உயிரைக் காக்கும். இந்தப் பாடம் பரீட்சையில் வருகிறதோ இல்லையோ, இரணைமடுவின் கீழே வளரும் ஒவ்வொரு பிள்ளையும் இதை அறிந்திருக்கவேண்டும் என்பேன்.

மாலையில் வரலாறும் கமமும். குளத்தின் வேலை 1902இல் தொடங்கி 1920இல் முடிந்தது. காலபோகத்துக்கு மழையும் கைகொடுக்கும். சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதைக் குளத்தில் மிஞ்சிய தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. ஒரு ஏக்கர் நெல்லுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று வீட்டில் கமம் செய்பவர்களிடம் கேட்டு எழுதிவருவது வீட்டுவேலை.

விடுமுறை வகுப்பு நடத்தும் ஆசிரியர்களே, வரும் ஓகஸ்டில் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர் ஒருவரையும், கனகராயன்குளம் பக்கத்துக் கமக்காரர் ஒருவரையும் அன்று வகுப்புக்கு அழையுங்கள்.