தூதுவளையை விதையினின்று பயிரிடுதல்

கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றியுள்ள செம்மண் மேட்டு நிலங்களில் வேலியோரமாகத் தூதுவளை தானே முளைத்துப் படர்வதை யாவரும் அறிவர். சளிக்கும் இருமலுக்கும் துவையலாகவும் ரசமாகவும் வழங்கிவரும் இதனைப் பயிராகக் கருதி எரு இடுவோர் அரியர். வடலூரில் 1867-ஆம் ஆண்டில் தருமசாலை நிறுவிய இராமலிங்க அடிகள், கரிசலாங்கண்ணியோடு இதனையும் சிறப்பித்துக் கூறியுள்ளார்.

வேர் முதல் பழம் வரை யாவும் மருந்துக்கு ஆகுமாதலால், சேகரிப்போர் இலையைக் கொய்வதோடு நில்லாமல் கொடியையே பிடுங்கிவிடுகின்றனர். பிடுங்கிய இடத்தில் மறு ஆண்டு பழமுமில்லை. பழத்தைத் தின்று விதை பரப்பும் பறவைக்கு வேலையுமில்லை. புறம்போக்கு வேலிகளிலும் ஏரிக்கரைகளிலும் வேரை விட்டு இலை மாத்திரம் கொய்யும்படி கிராம அதிகாரிகள் கண்டிப்புச் செய்தல் நலம். ஆயினும் வேலியை நம்பியிராமல் சொந்த நிலத்தில் வளர்ப்பதே நிலையான வழியாகும்.

விதைக்கு நோயற்ற கொடியில் நன்கு சிவந்த பழங்களையே பறிக்கவேண்டும். மஞ்சள் நிறமாகப் பழுத்துத் தரையோடு கிடப்பது கண்டங்கத்திரி, அது வேறு. பழங்களைப் பிசைந்து ஒரு நாள் நீரில் ஊறவிட்டு அலசினால் சதையும் பதரும் மிதந்து போகும். அடியில் தங்கிய விதையை நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து வைக்கவேண்டும்.

ஆவணித் தொடக்கத்தில் மூன்றடி அகலமும் அரையடி உயரமுமான மேட்டுப்பாத்தி அமைத்து, மக்கிய தொழுவுரம் கலந்து, ஓரிரவு ஊறிய விதையை மணலுடன் சேர்த்துத் தூவலாம். மேலே மண் மெல்லியதாக மூடினாற் போதும். ஆழப் புதைத்த விதை வெளிவராது. பூவாளியால் நீர் தெளிக்கவேண்டும். பாய்ச்சினால் விதை ஒருபுறமாக ஒதுங்கும். முளைப்பு ஒரே நாளில் நிகழாது. பத்து நாளில் சில, இருபது நாளில் பல என்று வருவதால், பொறுமையிழந்து பாத்தியைக் கிளறுவது பெரும் பிழை. நீர் தேங்கினால் நாற்று தண்டடியில் அழுகி மடியும்.

நான்கைந்து இலை விட்ட நாற்றை, ஐப்பசி மழை தொடங்கும் தறுவாயில், மூன்றடிக்கு ஒன்றாக நடலாம். தூதுவளை கத்தரியின் குடும்பத்தைச் சேர்ந்ததாதலால், கத்தரி வாடல் கண்ட நிலத்தில் நடலாகாது. கத்தரியில் இலையைச் சுரண்டித் தின்னும் புள்ளி வண்டு இதனையும் விடாது. முட்டைக் குவியலை இலையோடு கிள்ளி அழிக்கவேண்டும். கொடி பற்றிப் படர வேலியோ பந்தலோ இருந்தால் இலை மண்படாமல் சுத்தமாகக் கிடைக்கும். வேர் ஊன்றியபின் வறட்சியை நன்கு தாங்கும். கோடையில் அவ்வப்போது நீர் கிடைத்தால் துளிர் நிற்காது. வெட்ட வெட்டத் தழைத்துச் சில ஆண்டுகள் பயன் தரும்.

இனி, ஆசையால் ஒரு ஏக்கர் முழுவதும் நடத் துணிவோர்க்கு ஒரு சொல். வளைந்த முட்கள் செடியெங்கும் இருத்தலால் இலை பறிக்கும் கூலியே பெருஞ்செலவு. பச்சிலை வாடிவிடும், உலர்த்தினால் எடையிற் பெரும்பகுதி நீராய்ப் போய்விடும். வாங்குவோரை முன்னரே விசாரித்து, முதலில் ஐந்து சென்டில் மாத்திரம் நட்டுக் கூலிக்கணக்குப் பார்த்தபின் பெருக்குதல் விவேகம். உலர்த்துவது நிழலிலேயாகவேண்டும், வெயிலில் இலை வெளுத்து விலை குறையும். வேலியோரத்தில் இரண்டு மூன்று கொடிகளை மட்டும் கொய்யாமல் விட்டுவைத்தால், அடுத்த ஆவணிக்கு வேண்டிய பழம் அவற்றிலேயே கிடைக்கும்.