மலையேறிய பாட்டு!

பனியன் கடைகளில் தொங்கும் ஒரு முகத்தை நம் இளைஞர்கள் நன்கு அறிவர். சடை சடையாய்த் தொங்கும் முடி, மூடிய கண்கள், கையிலே கிட்டார். பாப் மார்லி! ஜமைக்கா என்னும் சின்னஞ்சிறு தீவிலே 1945-இல் பிறந்து, 1981-இல், முப்பத்தாறே வயதில் மறைந்த பாடகர். அபிசீனியப் பேரரசர் ஹெய்லி செலாசியைத் தெய்வமெனக் கொண்ட ராஸ்தபாரி நெறியினர். ரெக்கே என்னும் தாளத்திலே அடிமைப்பட்டோரின் கோபத்தை ஏற்றி உலகெங்கும் அனுப்பியவர். 1978-இல், கிங்ஸ்டன் நகரின் தெருக்களில் இரு கட்சியாரும் ஒருவரையொருவர் சுட்டுக் கொன்றுகொண்டிருந்த வேளையில், அக்கட்சிகளின் தலைவர்களான மான்லியையும் சியாகாவையும் மேடைக்கு வரவழைத்துக் கைகோக்க வைத்தவர். 1980-இல் ஜிம்பாப்வே விடுதலை பெற்ற இரவிலே, அந்த மண்ணிலேயே நின்று பாடியவர்.

போற்றுகிறோம், மறுக்கவில்லை. ஆனால் அல்லிநகரத்துத் தெருவில் அந்தப் பனியனை மாட்டிக்கொண்டு போகும் தம்பியை நிறுத்தி, “பண்ணைப்புரத்துப் பாவலரைத் தெரியுமா?” என்று கேட்டுப் பாருங்கள். “இளையராஜாவுக்கு அண்ணன்தானே?” என்பான். அவ்வளவுதான்! அதற்குமேல் ஒரு சொல் வராது. தம்பியின் புகழுக்கு அண்ணன் அடிக்குறிப்பு ஆகிவிட்டார். உண்மையோ நேர்மாறானது. அண்ணன் போட்ட மேடையிலேதான் தம்பி ஏறினார்.

பாவலர் வரதராசன், கம்பம் பள்ளத்தாக்கிலே உத்தமபாளையம் வட்டத்துப் பண்ணைப்புரத்துக்காரர். கம்யூனிஸ்ட் கட்சியின் மேடைப் பாடகர். பாட்டை எழுதுவதும் அவரே, பாடுவதும் அவரே. ஆர்மோனியப் பெட்டியும், தாளம் தட்ட ஒரு கையும், ஊர்ப் பொதுவிடத்தில் நாலு பலகை சேர்த்துப் போட்ட மேடையும் இருந்தால் போதும், கச்சேரி தொடங்கிவிடும்.

அந்தக் காலத்து உழைப்பாளி மக்களிலே எழுத்தறிந்தோர் எத்தனை பேர்? துண்டறிக்கை கொடுத்தால் சுருட்டுப் பற்றவைக்க உதவும். இரண்டு மணி நேரச் சொற்பொழிவில் முக்கால் பங்கு காற்றோடு போகும். பாட்டு அப்படியா? எல்லோர் வாயிலும் ஏற்கெனவே புழங்கும் சினிமா மெட்டையோ, களத்துமேட்டு மெட்டையோ எடுத்துக்கொள்வார் பாவலர். கேட்பவனுக்கு மெட்டுப் பழக்கமானது. சொல் மட்டும் புதியது. முதல் தடவை சிரிப்பான், இரண்டாம் தடவை உடன் பாடுவான், மூன்றாம் நாள் வரப்பிலே அவனே பாடிக்கொண்டு போவான். எதிர்க்கட்சிக்காரர் நேற்றுப் பேசியதற்கு இன்று மாலைக்குள் பாட்டிலே பதில் தயார். அச்சகம் வேண்டாம், காகிதம் வேண்டாம்!

“இதெல்லாம் பிரசாரம், கலையாகுமா?” என்று மூக்கைச் சுளிப்போர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அரண்மனையிலே அரசனைப் புகழ்ந்து பாடினால் கலை. அரைவயிற்றுக் கூலிக்காரனின் வழக்கைப் பாடினால் பிரசாரமா? நல்ல நியாயம்!

1958-ஆம் ஆண்டுக்கு வருவோம். கேரளத்திலே ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் மந்திரிசபை 1957 ஏப்ரலில் அமைந்திருந்தது. 126 இடங்களில் கட்சிக்கு 60. ஆதரவு தந்த சுயேச்சைகள் ஐவர். ஒவ்வோர் இடமும் உயிர்நாடி! அந்த நிலையிலே தேவிகுளம் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அங்கே வென்றிருந்தவர் ரோசம்மா புன்னூஸ். கேரள சட்டசபையிலே முதன்முதல் உறுதிமொழி ஏற்ற உறுப்பினர் என்ற பெருமை பெற்ற அம்மையார். எதிர்த்து நிற்க முனைந்த பி.கே. நாயரின் மனுவை முறைதவறித் தள்ளிவிட்டார்கள் என்பது வழக்கு. மறு தேர்தலில் இருவரும் நேருக்கு நேர் நின்றனர். மந்திரிசபையின் மானம் மலைமேல் ஏறி நின்றது எனலாம்.

அந்த மலையிலே வாக்காளர் யார்? தேயிலைத் தோட்டத் தொழிலாளர். பெரும்பாலோர் தமிழர். நம் பக்கத்து ஊர்களிலிருந்து போடிமெட்டு வழியாக மலையேறிப் பிழைக்கப் போனவரும் அவர்களில் உண்டு. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் நமக்கே என்று தமிழர் கேட்டனர், கிடைக்கவில்லை. அந்த மனக்கசப்பு ஆறாத காலம். தெற்கே மலையாளிகளிடையே ‘நீங்கள் என்னைக் கம்யூனிஸ்டாக்கினீர்கள்’ நாடகம் 1952 முதல் ஊர் ஊராகச் சென்று மக்களை ஈர்த்தது. ஆனால் தேயிலைக் கொழுந்து கிள்ளும் தமிழ்ப்பெண்ணிடம் மலையாள நாடகத்தைக் கொண்டுபோய் என்ன பயன்? அவளுக்குத் தாய் பாடிய மெட்டு வேண்டும். கம்பத்துப் பேச்சு வேண்டும்.

போனார் பாவலர். தோட்டம் தோட்டமாகச் சென்றார். காங்கிரசுக்கு அன்று சின்னம் இரட்டைக் காளை. அந்தக் காளைகள் பாவலரின் பாட்டிலே சிக்கிக்கொண்டு பட்ட பாடு கொஞ்சமா! பயந்து வாழ்ந்த தொழிலாளி, கங்காணியின் காதுபடச் சிரித்தான். சிரித்தபின் பயம் ஏது? ரோசம்மா மீண்டும் வென்றார். வெற்றிக் கூட்டத்திலே முதல்வர் ஈ.எம்.எஸ். அவர்களே இந்தப் பெருமை பாவலரைச் சேரும் என்று கூறியதாகத் தம்பியர் சொல்வது வழக்கம். ஒரு பாட்டா ஒரு தொகுதியைப் பிடித்துக் கொடுத்தது என்று கேட்பீர்கள். தொழிற்சங்கத் தோழர்கள் சிந்திய வியர்வையை நாம் மறக்கவில்லை. ஆனால் சங்கம் சொன்னதை அடுப்படிவரை கொண்டுசென்றது பாட்டு.

மூணாற்றிலே தொடங்கிய அந்தப் பயணங்களிலேதான் ராசையா என்ற பதினான்கு, பதினைந்து வயதுச் சிறுவன் அண்ணனோடு சேர்ந்தான். உடையாத குரல்; ஆகவே பெண்குரல் பகுதிகளைப் பாடினான். கூட்டம் ரசித்தது. வயது ஏற, குரல் உடைந்தது. கையிலே ஆர்மோனியம் வந்தது. அந்தப் பெட்டியைத் தொடக்கூடாது என்று அண்ணன் கண்டித்ததும், இவர் மறைவாகப் பழகியதும் அவரே பலமுறை சொன்ன கதை. பாசுகரும் அமரனும் சேர, ‘பாவலர் பிரதர்ஸ்’ ஆயிற்று. ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஊர் ஊராய் அலைச்சல்! எந்த இசைப்பள்ளியில் இந்தப் பாடம் கிடைக்கும்? எந்த மெட்டுக்கு ஜனம் அசையும், எந்த இடத்தில் எழுந்து போகும் என்பதைப் புழுதிக் கூட்டத்தின் முன் நின்று கற்ற படிப்பு அது. 2025 மார்ச்சில் லண்டனிலே சிம்பொனி அரங்கேற்றிய இசைஞானியின் அரிச்சுவடி, தேயிலைத் தோட்டத்து மேடையிலே எழுதப்பட்டது.

அண்ணனுக்கு என்ன கிடைத்தது? கூட்டம் முடிந்ததும் பேச்சாளருக்கு மாலை, தலைவருக்குக் கார், பாடகருக்கோ கடைசிப் பேருந்து போய்விட்டதே என்ற கவலை. இந்த வழக்கம் ஏதோ ஒரு கட்சிக்கு மட்டும் உரியதன்று. எல்லாக் கொடிகளின் கீழும் கண்ட காட்சிதான். கூட்டம் சேர்க்கப் பாடகன் வேண்டும். வரலாறு எழுதும்போது வேண்டாம்! மார்லிக்குப் பின்னே லண்டன் இசைத்தட்டுக் கம்பெனி நின்றது; அவர் குரல் அவர் சாவைத் தாண்டி ஓடுகிறது. பாவலருக்குப் பின்னே நின்றவர்கள் கைத்தாளம் போட்ட தம்பியர். ‘அன்னக்கிளி’ 1976-இல் வெளிவந்து, தமிழ்நாடே ராசையாவை இளையராஜா என்று அழைத்த நாளிலே, கேட்டு மகிழ அண்ணன் இல்லை. அதற்கு முன்பே மறைந்துவிட்டார்.

தம்பியர் மறக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ‘பாவலர் கிரியேஷன்ஸ்’ என்று அண்ணன் பெயராலேயே படக் கம்பெனி வைத்தனர். 1981-இல் பாசுகர் தயாரிக்க, அல்லிநகரத்துப் பாரதிராஜா இயக்க, இளையராஜா இசையமைக்க வந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ அந்தப் பெயரோடுதான் தொடங்கியது. இலட்சக்கணக்கானோர் திரையில் அவ்வெழுத்தைப் படித்தனர். யார் அந்தப் பாவலர் என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டவர் எத்தனை பேரோ!

1958-இல் மூணாற்றுத் தோட்டங்களிலே பத்து, பதினைந்து வயதுப் பிள்ளைகளாய் மேடைக்கு முன்னே மண்ணில் உட்கார்ந்து கேட்டவர்கள், இன்று எண்பதை ஒட்டியும் தாண்டியும் இருப்பவர்கள். அவர்கள் வாயிலே இன்னும் இரண்டு பாட்டாவது இருக்கும். தேனியிலிருந்து அரைநாள் பயணந்தான். நம் கல்லூரிப் பிள்ளைகள் ஒலிப்பதிவுக்குக் கையிலிருக்கும் தொலைபேசியே போதும். இந்தப் பருவமழைக்கு முன் போய்வரட்டும்; அந்தப் பெரியவர்களுக்கு இன்னொரு மழைக்காலம் நிச்சயமில்லை.