ஐக்கிய அமெரிக்காவில் இங்கிலாந்துக் காற்பந்து ஒளிபரப்பு

ஐக்கிய அமெரிக்காவில் இங்கிலாந்துக் காற்பந்து ஒளிபரப்பு என்பது இங்கிலாந்தின் கழகக் காற்பந்தாட்டங்கள், குறிப்பாகப் பிரீமியர் லீக் ஆட்டங்கள், அமெரிக்கத் தொலைக்காட்சியில் இடம்பெற்று அங்கு நிலையான பார்வையாளர்களைப் பெற்ற வரலாற்றைக் குறிக்கும். 1970களில் ஒரு சில பொதுத் தொலைக்காட்சி நிலையங்களில் பதிவு செய்யப்பட்ட நிகழ்ச்சியாக மட்டுமே இவ்வாட்டங்கள் காணக் கிடைத்தன. 2013 ஆம் ஆண்டு முதல் ஒரு பருவத்தின் 380 ஆட்டங்களையும் நேரடியாகக் காணும் வாய்ப்பு அமெரிக்கப் பார்வையாளர்களுக்கு ஏற்பட்டது.

அமெரிக்கக் காற்பந்து, அடிபந்தாட்டம், கூடைப்பந்தாட்டம், பனி வளைதடியாட்டம் ஆகியவை வேரூன்றிய ஒரு நாட்டில், வேறொரு நாட்டின் உள்ளூர்ப் போட்டித் தொடர் இடம்பிடிக்க இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று, விளம்பர இடைவேளைக்கு இடமளிக்காத ஆட்ட அமைப்பு. மற்றொன்று, இரு நாடுகளுக்கும் இடையிலான நேர வேறுபாடு. பிற்காலத்தில் இவ்விரண்டுமே இவ்விளையாட்டுக்குச் சாதகமாக மாறின.

பெயர்

அமெரிக்காவில் 'புட்பால்' என்ற சொல் முட்டை வடிவப் பந்தைக் கொண்டு ஆடப்படும் அமெரிக்கக் காற்பந்தைக் குறிக்கும். உலகின் பிற பகுதிகளில் பரவலாக ஆடப்படும் காற்பந்து அங்கு 'சாக்கர்' எனப்படுகிறது. இச்சொல் அமெரிக்காவில் தோன்றியதெனப் பலர் கருதினாலும், இது இங்கிலாந்தில் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாணவர் வழக்கில் உருவானது. 'அசோசியேசன் புட்பால்' என்ற பெயரின் முதற்சொல்லைச் சுருக்கி இதனை உருவாக்கினர்.

தொடக்கக் காலம்

1966 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடைபெற்ற உலகக்கோப்பையின் இறுதியாட்டத்தை என்.பி.சி. நிறுவனம் அமெரிக்காவில் ஒளிபரப்பியது. இதற்குக் கிடைத்த வரவேற்பு, 1967 ஆம் ஆண்டில் இரண்டு தொழில்முறைப் போட்டித் தொடர்கள் ஒரே நேரத்தில் தொடங்கப்படத் தூண்டுகோலாயிற்று. அவற்றுள் ஒன்றான யுனைட்டட் சாக்கர் அசோசியேசன், வெளிநாட்டுக் கழகங்களை முழுமையாக வரவழைத்து அமெரிக்க, கனடிய நகரங்களின் பெயரில் ஆடச் செய்தது. இங்கிலாந்தின் வுல்வர்காம்ப்டன் வாண்டரர்ஸ் 'லாஸ் ஏஞ்சலஸ் வுல்வ்ஸ்' என்ற பெயரிலும், ஸ்டோக் சிட்டி 'கிளீவ்லாந்து ஸ்டோக்கர்ஸ்' என்ற பெயரிலும் ஆடின. இறுதியாட்டத்தில் வுல்வ்ஸ் அணி, வாசிங்டனின் பெயரில் ஆடிய ஸ்காட்லாந்தின் அபர்டீன் கழகத்தை 6-5 என்ற கணக்கில் வென்றது.

இவ்விரு தொடர்களும் இணைந்து உருவான வட அமெரிக்கக் காற்பந்துக் கூட்டிணைவு 1984 ஆம் ஆண்டு வரை நீடித்தது. பிரேசிலின் பெலே 1975 இல் நியூயார்க் காஸ்மோஸ் கழகத்தில் சேர்ந்தார். இங்கிலாந்தின் உலகக்கோப்பை வெற்றி அணியைச் சேர்ந்த பாபி மூர், கார்டன் பேங்க்ஸ் ஆகியோரும் வட அயர்லாந்தின் ஜார்ஜ் பெஸ்ட்டும் இக்கூட்டிணைவில் ஆடினர். ஆகவே, இங்கிலாந்தின் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காண்பதற்கு முன்பே அந்நாட்டின் வீரர்களைப் பல அமெரிக்கர்கள் தம் ஊர் அரங்குகளில் கண்டிருந்தனர்.

இதே காலத்தில் பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ்.சின் சில நிலையங்கள், இங்கிலாந்தின் ஏ.டி.வி. நிறுவனம் தயாரித்த 'ஸ்டார் சாக்கர்' நிகழ்ச்சியை ஒளிபரப்பின. எனினும் இங்கிலாந்து ஆட்டங்களைவிட செருமானிய ஆட்டங்களே இக்காலத்தில் கூடுதலாக அறியப்பட்டிருந்தன. 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய 'சாக்கர் மேட் இன் ஜெர்மனி' என்ற நிகழ்ச்சி, செருமனியின் புண்டசுலீகா ஆட்டங்களை டோபி சார்லசின் ஆங்கில வர்ணனையுடன் வழங்கியது.

விளம்பர இடைவேளைச் சிக்கல்

அமெரிக்க வணிகத் தொலைக்காட்சியின் வருவாய் விளம்பரங்களைச் சார்ந்தது. அமெரிக்கக் காற்பந்திலும் அடிபந்தாட்டத்திலும் ஆட்டம் அடிக்கடி நிற்பதால் விளம்பரங்களை இயல்பாக இடையில் சேர்க்க முடியும். சாக்கர் ஆட்டமோ 45 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகளாகத் தொடர்ந்து நடைபெறும். விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கோல் விழுந்தால் பார்வையாளர் அதனை இழப்பார்.

1967 இல் சி.பி.எஸ். ஒளிபரப்பிய நேசனல் புரொபசனல் சாக்கர் லீக் ஆட்டங்களில் இச்சிக்கல் வெளிப்படையாகத் தெரிந்தது. விளம்பரத்துக்கு நேரம் கிடைப்பதற்காகத் தேவையற்ற இடங்களில் தவறு அறிவித்து ஆட்டத்தை நிறுத்தியதாக நடுவர் ஒருவர் கூறியது பெரும் சர்ச்சைக்குள்ளானது. 1990 உலகக்கோப்பையை டி.என்.டி. அலைவரிசை ஒளிபரப்பியபோதும் ஆட்டத்தின் நடுவே விளம்பரங்கள் இடம்பெற்றன.

1994 ஆம் ஆண்டு உலகக்கோப்பையை அமெரிக்காவே நடத்தியது. அப்போட்டிகளை ஒளிபரப்பிய ஏ.பி.சி., ஈ.எஸ்.பி.என். ஆகியவை ஆட்டத்தை நிறுத்தாமல், திரையில் நேரங்காட்டிக்கு அருகில் விளம்பரதாரரின் சின்னத்தைக் காட்டும் முறையைக் கையாண்டன. அரங்குகளில் மொத்தம் 35 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆட்டங்களைக் கண்டனர். அந்த உலகக்கோப்பைக்கு இங்கிலாந்து அணி தகுதி பெறவில்லை. ஆயினும், இடைவேளையற்ற ஒளிபரப்பு அமெரிக்காவில் சாத்தியமே என்பதை நிறுவியதால், இங்கிலாந்துக் கழக ஆட்டங்களுக்கும் அது வழிவகுத்தது. 45 நிமிடம் தடையின்றி ஓடி, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் ஆட்டம் என்பது பிற்காலத்தில் இவ்விளையாட்டின் சிறப்பாகவே கருதப்பட்டது.

மதுக்கூடங்களும் கட்டண அலைவரிசைகளும்

இங்கிலாந்தில் 1992 ஆம் ஆண்டு பிரீமியர் லீக் தொடங்கப்பட்டது. அதன் நேரடி ஒளிபரப்பு உரிமையைப் பெற்ற பிஸ்கைபி நிறுவனத்தில் ரூபர்ட் மர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேசன் பங்கு கொண்டிருந்தது. அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியும் அதே குழுமத்தைச் சேர்ந்ததாகும். 1997 இல் தொடங்கப்பட்ட ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் வேர்ல்ட் அலைவரிசை வெளிநாட்டு விளையாட்டுகளுக்கு இடமளித்தது. 2005 இல் இது ஃபாக்ஸ் சாக்கர் சேனல் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

மற்றொரு வழி அயர்லாந்தைச் சேர்ந்த இருவர் நிறுவிய செட்டான்டா நிறுவனம் மூலம் ஏற்பட்டது. 1990 உலகக்கோப்பையில் அயர்லாந்து - நெதர்லாந்து ஆட்டத்தை இலண்டனில் ஒரு நடன அரங்கில் கட்டணம் பெற்றுத் திரையிட்டதிலிருந்து இந்நிறுவனம் வளர்ந்தது. அமெரிக்காவில் இது செயற்கைக்கோள் வழியாக மதுக்கூடங்களுக்கு ஆட்டங்களை வழங்கியது. மதுக்கூடங்கள் தாம் செலுத்திய உரிமக் கட்டணத்தை ஈடுசெய்ய வாடிக்கையாளர்களிடம் நுழைவுக் கட்டணம் பெற்றன. நியூயார்க்கில் இருந்த நெவாடா ஸ்மித்ஸ் இவ்வகை மதுக்கூடங்களில் பெயர் பெற்றதாகும். தொடக்கத்தில் பிரித்தானிய, அயர்லாந்துக் குடியேறிகளே இங்குக் கூடினர். நாளடைவில் அமெரிக்காவில் பிறந்த இளைஞர்களும் சேர்ந்தனர். ஒவ்வொரு கழகத்துக்கும் ஒரு மதுக்கூடம் என்ற வழக்கம் பல நகரங்களில் உருவாயிற்று.

செட்டான்டா 2005 இல் அமெரிக்க வீடுகளுக்கான அலைவரிசையைத் தொடங்கி, 2010 பெப்ரவரியில் நிறுத்தியது. 2009-10 பருவத்திலிருந்து ஈ.எஸ்.பி.என்.னும் சில ஆட்டங்களை ஒளிபரப்பியது. 2012 பெப்ரவரி 5 அன்று, அமெரிக்கக் காற்பந்தின் சூப்பர் பவுல் நடைபெற்ற அதே நாளில், செல்சி - மான்செஸ்டர் யுனைட்டட் ஆட்டத்தை ஃபாக்ஸ் தனது கட்டணமற்ற முதன்மை அலைவரிசையில் நேரடியாக வழங்கியது.

நேர வேறுபாடு

நியூயார்க் நேரம் இங்கிலாந்து நேரத்தைவிட 5 மணி நேரமும், லாஸ் ஏஞ்சலஸ் நேரம் 8 மணி நேரமும் பின்தங்கியது. இதனால் சனிக்கிழமை ஆட்டங்களின் தொடக்க நேரம் பின்வருமாறு அமைகிறது:

* இங்கிலாந்தில் பகல் 12:30 - நியூயார்க்கில் காலை 7:30 - லாஸ் ஏஞ்சலசில் அதிகாலை 4:30
* இங்கிலாந்தில் பிற்பகல் 3:00 - நியூயார்க்கில் காலை 10:00 - லாஸ் ஏஞ்சலசில் காலை 7:00
* இங்கிலாந்தில் மாலை 5:30 - நியூயார்க்கில் பகல் 12:30 - லாஸ் ஏஞ்சலசில் காலை 9:30

கோடைகால நேர மாற்றம் இரு நாடுகளிலும் வெவ்வேறு நாட்களில் நிகழ்வதால், மார்ச்சில் இரண்டு அல்லது மூன்று வாரங்களும் இலையுதிர் காலத்தில் ஒரு வாரமும் இவ்வேறுபாடு ஒரு மணி நேரம் குறையும்.

வார இறுதியின் காலைப் பொழுதில் அமெரிக்காவின் பெரிய விளையாட்டுகள் பொதுவாக நடைபெறுவதில்லை. பல்கலைக்கழக அணிகளின் அமெரிக்கக் காற்பந்து சனிக்கிழமை நண்பகல் அளவிலும், தொழில்முறை ஆட்டங்கள் ஞாயிறு பிற்பகல் 1 மணி அளவிலும் தொடங்கும். ஆகவே, மாலை நேரத்தில் போட்டியிட்டு வெல்ல முடியாத ஒரு விளையாட்டுக்கு, போட்டியே இல்லாத காலைப் பொழுது முழுவதும் கிடைத்தது. ஒரே நாளில் சாக்கர் ஆட்டத்தையும் தம் ஊர் அணியின் ஆட்டத்தையும் காண முடிந்ததால், புதிய பார்வையாளர் பழைய விருப்பம் எதையும் கைவிட வேண்டியிருக்கவில்லை.

இதில் ஒரு முரணும் உண்டு. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2:45 முதல் 5:15 வரை காற்பந்தை நேரடியாக ஒளிபரப்பத் தடை உள்ளது. தொலைக்காட்சியால் சிறிய கழகங்களின் அரங்குகளுக்கு வருவோர் குறைவர் என்ற அச்சத்தால் 1960களில் இது ஏற்பட்டது. பர்ன்லி கழகத்தின் தலைவர் பாப் லார்ட் இதற்காக வாதிட்டவர்களுள் முதன்மையானவர். இத்தடை அமெரிக்காவுக்குப் பொருந்தாது. எனவே, மான்செஸ்டரில் வாழும் ஒருவர் தொலைக்காட்சியில் நேரடியாகக் காண முடியாத 3 மணி ஆட்டத்தைச் சிகாகோவில் வாழ்பவர் காண முடிகிறது.

என்.பி.சி. காலம்

2012 அக்டோபரில் என்.பி.சி. மூன்று பருவங்களுக்கான உரிமையைப் பெற்றது. இதன் மதிப்பு 25 கோடி டாலர் எனச் செய்திகள் தெரிவித்தன. 2013-14 பருவம் முதல் அனைத்து ஆட்டங்களும் தொலைக்காட்சி வழியாகவோ இணையவழியாகவோ நேரடியாக வழங்கப்பட்டன. அப்பருவத்தில் சராசரிப் பார்வையாளர் எண்ணிக்கை முந்தைய பருவத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்காயிற்று.

இந்நிறுவனம் ஆட்டத்தை 'அமெரிக்கமயமாக்க' முயலவில்லை. 2006 உலகக்கோப்பையில் அடிபந்தாட்ட வர்ணனையாளர் ஒருவரைப் பயன்படுத்தி விமர்சனத்துக்குள்ளான ஈ.எஸ்.பி.என்., 2010 இல் மார்ட்டின் டைலர், இயன் டார்க் முதலிய ஆங்கிலேயர்களை அமர்த்தியிருந்தது. என்.பி.சி.யும் அவ்வழியில் இங்கிலாந்தைச் சேர்ந்த ரெபெக்கா லோவைத் தொகுப்பாளராகவும் ஆர்லோ வைட்டை வர்ணனையாளராகவும் அமர்த்தியது. இரு நாடுகளின் மொழியும் ஒன்றே என்பதால், செருமானிய, இத்தாலிய, எசுப்பானியத் தொடர்களுக்குக் கிட்டாத ஒரு வசதி இங்கிலாந்துக்குக் கிடைத்தது: ஆட்டத்தோடு அதன் பேச்சுவழக்கும் பத்திரிகைகளும் பழங்கதைகளும் மொழிபெயர்ப்பின்றிச் சென்றடைந்தன.

2014 மே மாதம், பருவத்தின் இறுதி நாளில் ஒரே நேரத்தில் நடைபெற்ற பத்து ஆட்டங்களையும் என்.பி.சி. குழுமம் தனது பத்து அலைவரிசைகளில் வழங்கியது. ஒப்பந்தம் 2015 இலும் 2021 இலும் ஆறு ஆறு பருவங்களுக்கு நீட்டிக்கப்பட்டது. இரண்டாவது நீட்டிப்பு 2027-28 பருவம் வரையிலானது.

பிற காரணிகள்

* வீரர்கள்: ஜான் ஆர்க்ஸ் 1990 இல் செபீல்டு வெட்னெஸ்டே கழகத்தில் சேர்ந்தார். பின்னர் பிராட் பிரீடல், கேசி கெல்லர், டிம் அவார்டு ஆகிய கோல்காப்பாளர்களும், பிரயன் மெக்பிரைட், கிளின்ட் டெம்ப்சி முதலியோரும் இங்கிலாந்தில் ஆடினர். பிரீடல் பிரீமியர் லீக்கில் தொடர்ச்சியாக 310 ஆட்டங்களில் களமிறங்கினார்.
* நிகழ்பட ஆட்டங்கள்: 1993 இல் வெளிவரத் தொடங்கிய 'ஃபிஃபா' வரிசை, ஆட்டத்தை நேரில் கண்டிராத இளைஞர்களுக்கும் கழகங்களையும் வீரர்களையும் அறிமுகப்படுத்தியது.
* தொடர்கள்: 2013 இல் என்.பி.சி.யின் விளம்பரத்துக்காக ஜேசன் சுடெய்கிஸ் நடித்த 'டெட் லாஸ்ஸோ' என்ற பாத்திரம், 2020 இல் ஆப்பிள் நிறுவனத்தின் தொலைக்காட்சித் தொடராயிற்று. இங்கிலாந்தின் கூட்டிணைவு அமைப்பில் ஆடும் வேல்சு நாட்டுக் கழகமான ரெக்சம் பற்றிய ஆவணத் தொடர் 2022 இல் வெளிவந்தது.

தாக்கமும் விமர்சனங்களும்

தொலைக்காட்சி வழியாகப் பார்வையாளர்கள் வந்த அதே காலத்தில் முதலீட்டாளர்களும் வந்தனர். கிளேசர் குடும்பம் 2005 இல் மான்செஸ்டர் யுனைட்டடைக் கடன் பெற்று வாங்கி, அக்கடனின் பெரும்பகுதியைக் கழகத்தின் மீதே சுமத்தியது. இதனை எதிர்த்த ஆதரவாளர்கள் எப்.சி. யுனைட்டட் ஆப் மான்செஸ்டர் என்ற தனிக் கழகத்தைத் தொடங்கினர். லிவர்பூல், ஆர்சனல், செல்சி ஆகியவையும் பின்னர் அமெரிக்க உரிமையாளர்களிடம் சென்றன.

அமெரிக்காவின் பெரிய தொழில்முறைத் தொடர்களில் தோற்கும் அணி கீழ்நிலைக்கு இறக்கப்படுவதில்லை. பிரீமியர் லீக்கிலோ 20 கழகங்களுள் கடைசி மூன்று இடங்களைப் பெறுபவை ஒவ்வோர் ஆண்டும் இரண்டாம் நிலைத் தொடருக்கு இறக்கப்படுகின்றன. பட்டம் வெல்ல வாய்ப்பில்லாத கழகத்தின் ஆட்டமும் இறுதிவரை பொருளுடையதாக இருப்பதற்கு இதுவே காரணம். அமெரிக்கப் பார்வையாளர்களுக்கு இது புதுமையான கவர்ச்சியாகவும் இருந்தது. 2021 ஏப்ரல் 18 அன்று அறிவிக்கப்பட்ட ஐரோப்பிய சூப்பர் லீக், நிறுவனக் கழகங்கள் என்றும் இறக்கப்படாத தொடராக வகுக்கப்பட்டது. அதில் சேர்ந்த ஆறு இங்கிலாந்துக் கழகங்களுள் மூன்று அமெரிக்கர்களுக்கு உரியவை. ஆதரவாளர்களின் எதிர்ப்பால் ஆறு கழகங்களும் இரண்டே நாட்களில் விலகின.

பிரீமியர் லீக்கின் 2022-2025 காலப்பகுதி ஒப்பந்தங்களில், வெளிநாட்டு ஒளிபரப்பு உரிமைகளின் மதிப்பு முதன்முறையாக உள்நாட்டு உரிமைகளின் மதிப்பை விஞ்சியது. ஒரு சுற்று ஆட்டங்களை வெளிநாடுகளில் நடத்தும் திட்டம் 2008 இல் முன்வைக்கப்பட்டு, எதிர்ப்பால் கைவிடப்பட்டது. ஆட்ட நேரங்கள் தொலைக்காட்சிக்கேற்ப மாற்றப்படுவதால், வெளியூர் ஆட்டங்களுக்குப் பயணம் செய்யும் உள்ளூர் ஆதரவாளர்கள் இன்னலுறுகின்றனர் என்ற குறை இங்கிலாந்தில் தொடர்ந்து எழுப்பப்படுகிறது. அமெரிக்காவிலும், 2020 இல் தொடங்கிய பீகாக் இணைய சேவை சில ஆட்டங்களைத் தன் சந்தாதாரர்களுக்கு மட்டுமே வழங்கியதால், அனைத்து ஆட்டங்களையும் காண விரும்புவோர் தொலைக்காட்சிக் கட்டணத்தோடு தனிச் சந்தாவும் செலுத்த வேண்டியதாயிற்று.